எண்ணுபவர்கள் எண்ணிப் பார்க்காதவை

தரவு விஞ்ஞானி என்ற தொழிற்பெயருக்கு நம்மவரிடையே இன்று கிடைத்திருக்கும் மரியாதை, ஒரு தலைமுறைக்கு முன்னர் வைத்தியருக்கும் பொறியியலாளருக்கும் மட்டுமே கிடைத்து வந்தது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் உறவினர்கள் தம் பிள்ளையின் உத்தியோகத்தைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்லைச் சற்று நிறுத்தி, அழுத்தியே சொல்கிறார்கள். 2012 ஒக்ரோபரில் ஹார்வர்ட் பிஸினஸ் ரிவியூ என்ற அமெரிக்கச் சஞ்சிகை, இருபத்தோராம் நூற்றாண்டின் மிகக் கவர்ச்சியான உத்தியோகம் இதுவே என்று முடிசூட்டியது. அந்த முடியின் பளபளப்பு இன்னும் முற்றாக மங்கவில்லை.

எண்களின் மீது எனக்குப் பகை கிடையாது. ஊழலை எண்ணின்றி எழுத முடியாது; வறுமையை எண்ணின்றி நிரூபிக்க முடியாது. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று சொன்ன சமூகத்தில் பிறந்தவன் நான். ஆனால் அளப்பதற்கும் அறிவதற்கும் இடையில் ஒரு தூரம் உண்டு. அந்தத் தூரத்தை நடக்காமலே, நடந்து வந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு வழக்கம் இந்தத் தொழிலில் வேரூன்றி வருகிறது. அதிலும் குறிப்பாக, மென்பொருள் எழுதும் சமூகங்களைத் தரவுகளைக் கொண்டு விளங்கிக்கொள்கிறோம் என்று புறப்பட்டவர்களிடம் அது மிகத் தெளிவாகத் தெரிகிறது. அதைக் கண்டிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், இந்தச் சமூகங்கள் எவை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கைத்தொலைபேசியும், உங்கள் வங்கியின் கணினியும், இந்தப் பக்கத்தை உங்களிடம் கொண்டுவந்து சேர்த்த வழங்கியும் இயங்குவது பெரும்பாலும் திறந்த மூல மென்பொருள்களின் மீதுதான். எவரும் வாசிக்கலாம், எவரும் திருத்தலாம், எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையோடு எழுதப்பட்டவை அவை. அவற்றை எழுதுவோரிலும் காப்போரிலும் சிலர் பெரும் நிறுவனங்களின் சம்பளத்தில் இருப்பவர்கள். மற்றும் பலர் பகல் வேலை முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பின்னர் விளக்கைக் குறைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுபவர்கள்.

இந்த வேலைக்கு வேறெந்த வேலைக்கும் இல்லாத ஒரு தன்மை உண்டு. செய்நிரலில் ஓர் எழுத்து மாறினாலும் யார் மாற்றினார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த வரியில் என்பது பதிவேட்டில் ஏறிவிடும். அவ்வாறு ஏற்றப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் 'கொமிட்' என்பார்கள். வெளியாள் ஒருவர் ஒரு திருத்தத்தை எழுதி, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பித்தால் அதற்கு 'புல் ரிக்குவெஸ்ட்' என்று பெயர். 2008 இல் தொடங்கி, 2018 இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 750 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்த கிட்ஹப் என்ற தளத்தில் இத்தகைய பதிவேடுகள் கோடிக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. தச்சனின் உளி பட்ட இடங்களையோ, தாதியின் இரவுநேர நடைகளையோ இப்படி எவரும் பதிந்து வைத்ததில்லை. எனவே எண்ணுவதைத் தொழிலாகக் கொண்டோருக்கு இது கரும்புத் தோட்டமாயிற்று. அதிகம் உழைப்பவர் யார், எந்தத் திட்டம் ஆரோக்கியமாக இருக்கிறது, எது சாகப்போகிறது என்றெல்லாம் இந்தப் பதிவேடுகளை எண்ணியே தீர்ப்புச் சொல்லத் தொடங்கினார்கள். 2014 இல் இத்துறை ஆய்வாளர்களே கிட்ஹப் தரவுகளைத் தோண்டுவதில் உள்ள ஆபத்துகளைப் பட்டியலிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்குள்ள களஞ்சியங்களில் பெரும்பாலானவை தனியொருவர் தமக்காக வைத்திருப்பவை, அசைவற்றுக் கிடப்பவை என்று அதில் எச்சரித்தார்கள். எச்சரிக்கை மேற்கோளாகத் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. எண்ணும் வழக்கமோ அப்படியே தொடர்ந்தது.

அவர்கள் எண்ணுவது உழைப்பையன்று. உழைப்பு விட்டுச் சென்ற தடத்தை. இரண்டும் ஒன்றல்ல.

இதற்கு மென்பொருள் உலகமே ஒரு பழைய கதையை வைத்திருக்கிறது. 1982 இல் அப்பிள் நிறுவனத்தில் லீசா என்ற கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு பொறியியலாளரும் அந்த வாரத்தில் எத்தனை வரி செய்நிரல் எழுதினார் என்று படிவம் நிரப்ப வேண்டும் என முகாமையாளர்கள் உத்தரவிட்டார்கள். பில் அட்கின்சன் என்ற நிபுணர் அந்த வாரத்தில் ஒரு பகுதியை முற்றிலும் புதிய முறையில் திருத்தி எழுதியிருந்தார். அது முன்னதைவிடச் சுமார் ஆறு மடங்கு வேகமாக இயங்கியது; அளவிலோ ஏறக்குறைய 2000 வரிகள் குறைந்துவிட்டன. அவர் படிவத்தில் "கழித்தல் 2000" என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களின் பின்னர் அவரிடம் அந்தப் படிவத்தைக் கேட்பதையே முகாமையாளர்கள் நிறுத்திவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 2023 ஓகஸ்டில் மக்கின்ஸி என்ற பெரும் ஆலோசனை நிறுவனம், மென்பொருள் எழுதுவோரின் உற்பத்தித்திறனை அளக்க முடியும் என்று மறுபடியும் அறிவித்தது. கென்ட் பெக் போன்ற அனுபவசாலிகள் உடனடியாக எழுந்து மறுத்தார்கள். படிவம் போய்விட்டது, படிவத்தின் ஆவி போகவில்லை.

பத்திரிகைத் துறையில் இருந்தவர்களுக்கு இது புதிதன்று. நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில் பிரதேச நிருபர்களுக்கு அச்சில் வந்த செய்தியின் அங்குலக் கணக்கில் கொடுப்பனவு செய்தார்கள். அதன் விளைவு என்ன? நான்கு வரியில் முடியவேண்டிய செய்தி நாற்பது வரியாக வந்தது. பரிசளிப்பு விழாவின் மேடையில் இருந்த அத்தனை பேரின் பெயரும் பட்டங்களோடு வந்தன. ஆனால் அதே நிருபர்களுள் ஒருவர், ஊரில் பரவிய ஒரு வதந்தியை மூன்று நாட்கள் சைக்கிளில் அலைந்து விசாரித்து, "இது பொய், போட வேண்டாம்" என்று தொலைபேசியில் சொன்னார். இரண்டு கிராமங்கள் அடித்துக்கொண்டு சாகாமல் தடுத்த செய்கை அது. அதற்கு அவருக்குக் கிடைத்த அங்குலம் பூச்சியம்.

வராத செய்திக்கு அங்குலம் இல்லாதது போலவே, ஏற்கப்படாத திருத்தத்துக்கும் கொமிட் இல்லை. மென்பொருளைக் காப்பவரின் தலையாய வேலை, வேண்டாம் என்று சொல்வது. வந்த திருத்தத்தை வரிவரியாக வாசித்து, இது இன்று உதவும், மூன்று ஆண்டின் பின் ஆபத்தாகும் என்று உணர்ந்து, எழுதியவரின் மனம் நோகாமல் மறுப்பது. புதிதாக வந்த மாணவிக்கு இரண்டு மணித்தியாலம் விளக்கம் சொல்வது. சண்டை பிடித்த இருவரைத் தனித்தனியே அழைத்துச் சமாதானம் செய்வது. இவற்றில் சில பதிவேட்டில் மங்கலாகத் தெரியும். பல தெரியவே தெரியாது. பதிவேட்டை மாத்திரம் எண்ணுகிறவருக்கு, இந்த மனிதர் சோம்பேறி.

இது வெறும் நியாய அநியாயப் பிரச்சினை என்று எண்ணிவிட வேண்டாம். உலகத்தின் பாதுகாப்பே இதில் தங்கியிருக்கிறது. இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

2014 ஏப்ரல் 7 ஆம் திகதி ஹார்ட்பிளீட் என்று பெயரிடப்பட்ட ஒரு வழு பகிரங்கமானது. இணையத்தில் கடவுச்சொற்களையும் கடனட்டை இலக்கங்களையும் மறைத்து அனுப்பப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் அது இரண்டு ஆண்டுகளாக ஒளிந்திருந்தது. பாதுகாப்பான இணைய வழங்கிகளில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பாதிப்புக்கு ஆளாகக்கூடியவை என அப்போது மதிப்பிடப்பட்டது. அதன் பின்னர்தான் அந்த மென்பொருளைக் காத்துவந்தவர்கள் யார் என்று உலகம் விசாரித்தது. முழுநேரமாக அதில் வேலை செய்தவர் ஒரேயொருவர். வருடமொன்றுக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2000 டொலர். உலகத்தின் பெரும் வர்த்தக நிறுவனங்கள் அத்தனையும் அந்த ஒரு மனிதரின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தன. கொமிட்டுகளை எண்ணிய எந்த வரைபடமும் இதை உரத்துச் சொல்லவில்லை. ஏனெனில் வறுமைக்கும் களைப்புக்கும் பதிவேட்டில் பத்தி கிடையாது.

இரண்டாவது சம்பவம் இன்னும் கொடியது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-ஸெட் என்ற சிறு மென்பொருளை ஒருவர் நீண்ட காலமாக ஊதியமின்றிக் காத்து வந்தார். 2021 இல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்து உதவத் தொடங்கினார். 2022 இல், முன்பின் அறியப்படாத சில பெயர்களில் இருந்து மின்னஞ்சல்கள் வந்தன. திருத்தங்கள் தாமதமாகின்றன, பொறுப்பை இன்னொருவருக்குக் கொடுங்கள் என்று அவை நச்சரித்தன. காப்பாளர் தாம் களைத்திருப்பதையும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் வெளிப்படையாகவே எழுதினார். இறுதியில் ஜியா டான் இணைக்காப்பாளரானார். நூற்றுக்கணக்கான கொமிட்டுகளை எழுதினார். 2024 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், உலகெங்கும் உள்ள கணினிகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைவதற்கான பின்கதவு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது வெளிப்படுத்தப்படவில்லை.

இப்போது தரவு விஞ்ஞானியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதே மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். ஒரு திட்டத்தின் முக்கிய மனிதர்கள் எத்தனை பேர் பஸ்ஸில் அடிபட்டால் திட்டம் நின்றுபோகும் என்று கணக்கிடும் ஓர் அளவுகோல் இத்துறையில் பிரசித்தம். அந்தக் கணக்கின்படி எக்ஸ்-ஸெட்டின் எண் ஒன்றிலிருந்து இரண்டாக உயர்ந்திருக்கும். மாதாந்த கொமிட்டுகள் உயர்ந்தன. புதிய பதிப்புகள் ஒழுங்காக வந்தன. புதிய பங்களிப்பாளர் பொறுப்புக்கு உயர்ந்தார். ஆரோக்கியம் என்று எவற்றைச் சொல்கிறார்களோ அந்த அறிகுறிகள் யாவும் நல்ல திசையிலேயே சென்றன. அதாவது, அந்தச் சமூகம் கொள்ளையடிக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் அதன் மருத்துவ அறிக்கை மிக அழகாக இருந்தது! நோயாளியின் வீட்டுக்குள் திருடன் புகுந்ததை, வீட்டில் ஆள் நடமாட்டம் அதிகரித்திருக்கிறது, ஆகவே நோயாளி தேறிவருகிறார் என்று எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னுமொரு விவரம். பின்கதவைத் திறக்கும் பொறியின் முக்கியமான ஒரு துண்டு பொதுப் பதிவேட்டில் வைக்கப்படவேயில்லை. பொதி செய்து விநியோகித்த கோப்பில் மாத்திரமே அது இருந்தது. பதிவேட்டைத் தோண்டுவோர் எவ்வளவு ஆழமாகத் தோண்டியிருந்தாலும் அந்தத் துண்டு அவர்கள் மண்வெட்டியில் பட்டிருக்காது.

சதியைக் கண்டுபிடித்தவர் அண்ட்ரெஸ் ஃப்ரொயிண்ட் என்ற பொறியியலாளர். வேறொரு தரவுத்தள மென்பொருளின் வேகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தவர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் செயல் வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்தார். ஏன் என்று விடாமல் துருவினார். 2024 மார்ச் 29 ஆம் திகதி உலகுக்கு அறிவித்தார். ஆம், அவரும் ஓர் எண்ணைத்தான் பார்த்தார். ஆனால் எது வழமை என்பது அவருக்குப் பழக்கத்தால் தெரிந்திருந்தது. அரை விநாடி அவருக்கு மாத்திரம் பேசியது, கேட்பதற்கு அவரிடம் காது இருந்தபடியால். அறிவு முன்னே வந்தது. எண் பின்னே வந்தது. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதையே நான் எதிர்க்கிறேன்.

அளப்பதால் வரும் அடுத்த கேடு, அளக்கப்படும் பொருளே மாறிவிடுவது. பிரித்தானியப் பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட் 1975 இலேயே இதைச் சொல்லிவிட்டார்: ஓர் அளவையை இலக்காக்கினால் அது அளவையாக இருக்கும் தகுதியை இழந்துவிடும் என்பது அவர் கருத்தின் சாரம். மென்பொருள் உலகம் அதை அட்சரம் பிசகாமல் மெய்ப்பித்துக் காட்டியது.

ஹக்டோபர்ஃபெஸ்ட் என்று 2014 முதல் ஆண்டுதோறும் ஒக்ரோபரில் நடக்கும் ஓர் இயக்கம் உண்டு. நான்கு புல் ரிக்குவெஸ்ட் அனுப்பினால் ஒரு ரீஷேர்ட் இலவசம் என்றார்கள். 2020 இல் என்ன நடந்தது? ஆவணத்தின் தலைப்பில் ஓர் அர்த்தமற்ற சொல்லைச் சேர்த்து, அதையே திருத்தம் என்று அனுப்பும் கூட்டம் ஆயிரக்கணக்கில் திரண்டது. காப்பாளர்கள் தம் நேரத்தைக் குப்பை அள்ளுவதில் கழித்தார்கள். விரும்பிய திட்டங்கள் மாத்திரம் சேரலாம் என்று ஏற்பாட்டாளர்கள் மாதம் தொடங்கிய சில நாட்களிலேயே விதியை மாற்ற நேர்ந்தது. அந்த மாதத்தின் வரைபடத்தில் மாத்திரம் பங்களிப்பு வானளாவ உயர்ந்து நின்றிருக்கும்.

கிட்ஹப் தளம் முன்னர் ஒவ்வொருவரின் பக்கத்திலும், இடைவிடாமல் எத்தனை நாட்கள் தொடர்ந்து பங்களித்தார் என்ற கணக்கைக் காட்டி வந்தது. 2016 மே மாதத்தில் அதை நீக்கிவிட்டது. நீக்கியதும் நீண்ட தொடர்களை வைத்திருந்த பலர் அவற்றைக் கைவிட்டார்கள்; வார இறுதி வேலையும் குறைந்தது. 2021 இல் வெளியான ஓர் ஆய்வு இதை நிறுவியது. தொடர் அறுந்துவிடக் கூடாதே என்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு வரியைத் திருத்திக்கொண்டிருந்த மனிதர்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் ஓய்வைப் பறித்தது ஒரு முகாமையாளரன்று, ஓர் எண்.

விருப்பத்தைக் காட்டும் நட்சத்திரங்களின் கதையோ சந்தைக்கு வந்துவிட்டது. 2024 டிசெம்பரில் வெளியான ஓர் ஆய்வு, கிட்ஹப்பில் 45 இலட்சம் நட்சத்திரங்கள் போலியானவை எனச் சந்தேகிக்கப்படுவதாகக் கூறியது. முதலீட்டாளரும் வேலை கொடுப்போரும் நட்சத்திரத்தை எண்ணினால், நட்சத்திரம் விற்பவனும் வரத்தானே செய்வான்?

மூன்றாவது கேள்வி, எவரும் சத்தமாகக் கேட்காதது. எண்ணப்படுகிற மனிதரிடம் யாராவது அனுமதி கேட்டார்களா?

பகிரங்கமாகக் கிடப்பதால் எடுத்தோம் என்பது அவர்களது வழமையான மறுமொழி. எங்கள் ஊரில் மரண வீடும் பகிரங்கமானதுதான். வாசல் திறந்தே இருக்கும். அதற்காக, யார் எத்தனை நிமிடம் அழுதார்கள் என்று மணிக்கூட்டோடு உட்கார்ந்து குறிப்பெடுப்பவனை வீட்டார் என்ன செய்வார்கள்? 2016 இல், கிட்ஹப் பதிவுகளைத் திரட்டிவைத்திருந்த ஒரு பெரும் ஆய்வுத் தொகுப்பிலிருந்து முகவரிகளை எடுத்து ஆய்வாளர்கள் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக வினாக்கொத்துகளை அனுப்ப, பொறுமையிழந்த நிரலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதன் பின்னரே தனிப்பட்ட விவரங்கள் அந்தத் தொகுப்பிலிருந்து விலக்கப்பட்டன. 2021 இல் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லினக்ஸ் கருவின் காப்பாளர்கள் ஏமாறுவார்களா என்று சோதிப்பதற்காக வழுவுள்ள திருத்தங்களை வேண்டுமென்றே அனுப்பிப் பார்த்த விவகாரம் வெடித்தது. ஏப்ரலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளே தடைசெய்யப்பட்டன. ஆய்வுக் கட்டுரை மீளப்பெறப்பட்டது. காப்பாளர்களின் சினம் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: நாங்கள் உங்கள் பரிசோதனைக்கூடத்து எலிகளல்லர்.

தரவில்லாமல் என்ன செய்யச் சொல்கிறீர், வெறும் வாய்ப்பேச்சை நம்பச் சொல்கிறீரா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வாய்ப்பேச்சு பல பொய்களை வளர்த்திருக்கிறது. அவற்றை உடைத்ததும் எண்களே. அதை மறைப்பது எனக்கு அழகன்று.

லினக்ஸ் என்றால் பொழுதுபோக்காக எழுதும் இளைஞர்களின் கைவண்ணம் என்று ஒரு கற்பனை நீண்ட நாள் நிலவியது. 2007 பெப்ரவரியில் ஜொனதன் கோர்பெட், லினக்ஸ் கருவின் 2.6.20 ஆம் பதிப்பை எழுதியவர்கள் யார், அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் யார் என்று கணக்கிட்டு வெளியிட்டார். பெரும்பகுதி நிறுவன ஊழியர்களால் எழுதப்பட்டது என்பது அன்று வெட்டவெளிச்சமாயிற்று. கற்பனை உடைந்தது. இந்தக் கோர்பெட் யார்? எல்டபிள்யூஎன் என்ற செய்தி ஏட்டின் ஆசிரியர். தாமே லினக்ஸ் கருவுக்குப் பங்களிப்பவர். அந்தச் சமூகத்துக்குள் இருந்து, அதன் முகங்களை அறிந்து, தாம் வெளியிடும் எண்களின் குறைகளையும் தாமே சொல்லி எழுதும் ஒரு பத்திரிகையாளர். இத்துறையில் மிகச் சிறந்த தரவு வேலைகளுள் ஒன்றைச் செய்தவர் ஒரு நிருபர் என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

இன்னோர் உதாரணம். 2016 இல் முன்வரைவாகவும் 2017 இல் முழுமையாகவும் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பெண்கள் அனுப்பிய திருத்தங்களில் சுமார் 79 வீதமும் ஆண்கள் அனுப்பியவற்றில் சுமார் 75 வீதமும் ஏற்கப்பட்டதைக் கண்டது. ஆனால் திட்டத்துக்குப் புதியவராகவும், பெண் என்று பெயரிலோ படத்திலோ அடையாளம் தெரியக்கூடியவராகவும் இருந்தால் அவரது திருத்தம் ஏற்கப்படும் வீதம் கணிசமாக வீழ்ந்தது. திறமை ஒன்றே இங்கு அளவுகோல் என்று மார்தட்டியவர்களின் வாயை இந்த எண்கள் அடைத்தன. மகத்தான பயன்பாடு அது. எனினும் அதே ஆய்வுக்காக, பல இலட்சம் பேரின் மின்னஞ்சல் முகவரிகளை அப்போது இயங்கிய கூகுள் பிளஸ் சமூக வலையமைப்போடு பொருத்தி அவர்கள் ஆணா பெண்ணா என்று கண்டறிந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரிந்தால் பாரபட்சம் வரும் என்று நிரூபிப்பதற்காக, மறைந்திருந்தோரின் அடையாளத்தைத் தேடி எடுத்தார்கள். நல்ல நோக்கத்துக்கும் விலை உண்டு. அந்த விலையைக் கொடுத்தவர்களைக் கேட்டுவிட்டுக் கொடுக்கச் செய்திருக்க வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன், ஏனெனில் இது நமக்குத் தூரத்துக் கதையன்று.

2005 இல் கூகுள் நிறுவனம் தொடங்கிய கோடைகால நிரலாக்கத் திட்டத்தில், முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களைச் சேர்த்த பல்கலைக்கழகம் மொறட்டுவை. பெருமைப்பட வேண்டிய எண்தான், பத்திரிகைகளும் பெருமைப்பட்டன. ஆனால் கோடை முடிந்து கொடுப்பனவு நின்ற பின்னரும் அந்தச் சமூகங்களில் தங்கி, பொறுப்பேற்று, காப்பாளராக உயர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்ட தலைப்புச் செய்தி எதுவும் என் கண்ணில் படவில்லை. சேர்ந்தவரை எண்ணுவது எளிது. நிலைத்தவரைத் தேடிப்போய்ச் சந்திக்க வேண்டும்.

அதற்கு முந்திய டிசெம்பரை நினைத்துப் பாருங்கள். 2004 டிசெம்பர் 26 இல் கடல் வந்து நம் கரைகளை அள்ளிச் சென்ற அந்த வாரத்தில், காணாமற்போனோரைப் பதியவும் முகாம்களைக் கணக்கெடுக்கவும் இந்நாட்டு மென்பொருள் தொண்டர்கள் ஒன்றுகூடி எழுதியதே சஹானா. பிறகு 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 இல் ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டின் சமூக நன்மைக்கான விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. அந்த வார வேலையின் பெறுமதியை கொமிட்டுகளில் எண்ணத் துணிபவர் எவராவது உண்டா? அகதி முகாமுக்குள் சென்று, எந்தப் பெயரை எப்படி எழுதுவது, தாயைத் தேடும் குழந்தைக்குத் தாயின் பெயர் தெரியாவிட்டால் எந்தப் பத்தியில் எதை நிரப்புவது என்று கேட்டு வந்து சொன்ன ஒருவரின் உழைப்பு எந்தப் பதிவேட்டில் இருக்கும்?

ஆகவே இத்தொழிலுக்குச் செல்ல விரும்பும் தம்பி தங்கையருக்கு ஒன்றைச் சொல்வேன். போகவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கணிதத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், நிரல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அவற்றோடு, மனிதரிடம் சென்று கேள்வி கேட்கவும், பதிலை இடைமறிக்காமல் கேட்கவும், சொல்லப்படாததைக் குறித்துக்கொள்ளவும் கற்றுக்கொள்ளுங்கள். இதைக் கற்பிப்பது கலைப்பீடத்து வரலாறும் சமூகவியலும். வேலை கிடைக்காத பட்டம் என்று நம் சமூகம் ஏளனம் செய்யும் அதே பாடங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அட்டவணைச் சுரைக்காயும் உதவாது.

எண்ணுவோரிடமும், எண்ணிக்கையை விலைகொடுத்து வாங்கும் நிறுவனங்களிடமும் என் கோரிக்கைகள் நான்கு. ஒரு சமூகத்தை எண்ணுமுன் அதில் சில மாதங்களாவது வாழ்ந்து பாருங்கள். எதை எண்ணினீர்கள் என்பதோடு எதை எண்ண முடியவில்லை என்பதையும் அறிக்கையின் முதற்பக்கத்திலேயே எழுதுங்கள். தனிமனிதரின் சம்பளத்தையோ வேலையையோ இந்த எண்களைக் கொண்டு தீர்மானிக்காதீர்கள். நான்காவது, ஒரு மென்பொருளின் ஆரோக்கியத்தைப் பற்றிக் கவலைப்படுவது உண்மையானால், அதைக் காப்பவருக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், அவர் கடைசியாக எப்போது விடுமுறை எடுத்தார் என்று நேரடியாகக் கேளுங்கள்.

இந்த நான்காவதற்குத் தரவு விஞ்ஞானம் தேவையில்லை. ஒரு மின்னஞ்சல் போதும். ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்திய நிறுவனங்களில் ஒன்றாவது 2014 இற்கு முன்னர் அந்த மின்னஞ்சலை அனுப்பியிருந்தால், வருடத்துக்கு 2000 டொலர் என்ற பதில் அன்றே வந்திருக்கும். எக்ஸ்-ஸெட் காப்பாளர் தம் களைப்பைக் கேளாமலே எழுதிவைத்தார். அதை வாசித்துப் பயன்படுத்திக்கொண்டவன் திருடன் ஒருவனே.